லீவு போடாமல் நடக்கலாம், மலை இல்லாமலும்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் போகிறவர்கள் மரக்காணத்தைப் பெரும்பாலும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். வெள்ளை உப்புக் குவியல்கள், கீற்று போட்டு மூடிய மேடுகள், தண்ணீர் தேங்கிய பாத்திகள். அவ்வளவுதான், அதற்குள் ஊர் முடிந்துவிடும். இங்கே இறங்கி இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று ஆபீசில் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. பல வெறும் வாய்ப்பேச்சு. ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை.

“மலை இருந்தாத்தான் ட்ரெக்கிங்”

ஏற்றம் இல்லாவிட்டால் உடம்புக்கு வேலை இல்லை என்று எப்படியோ ஒரு கணக்கு பரவிவிட்டது. மணலில் நடந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பெல்ஜிய ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்து 1998இல் வெளியிட்டார்கள்: கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகிறது. கால் வைத்ததும் மணல் விலகுகிறது. அதை விலக்கவும் உழைக்க வேண்டும், அதிலிருந்து காலைப் பிடுங்கவும் உழைக்க வேண்டும். அதனால் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் உலர்ந்த மணலில் நாலு கிலோமீட்டர் என்பது பீச் ரோட்டில் நாலு கிலோமீட்டர் அல்ல. அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணல் ஓரமாகப் போனால் பாதி சிரமம் குறையும். அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பது அன்றைய கடலைப் பொறுத்தது.

மலைக்கு வேறொரு சங்கடமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்ததும், 23 பேர் இறந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி, காட்டுத்தீ காலத்தில் மூடல். எல்லாம் சரியான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் ஷிப்டை மாற்றிவிட்டால் முன்பதிவு செய்த தேதி போனது போனதுதான். கடற்கரைக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம்.

சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கடலாமைகளைக் காக்கும் மாணவர் குழு 1988இலிருந்து, முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் இரவு நடை நடத்துகிறது. பொதுமக்களைச் சேர்த்துக்கொள்வது வார இறுதி இரவுகளில்தான். மறுநாள் வேலை இல்லாதவர்கள் வருவதற்கு அந்த நேரம் தோதானது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரே ஒரு சேதி. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றே அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள். அந்த நூலில் பாணன் மன்னன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் வழி இங்கே கடலோரத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாக, திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் வரை போகிறது. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது உட்பட வழி சொல்லியிருக்கிறார் அதைப் பாடிய நத்தத்தனார். உப்பு வண்டி ஓட்டிப்போகும் உமணர்களும் அதில் வருகிறார்கள்.

“அதுக்கு ஒரு முழு நாள் லீவு வேணும்”

எங்கே போகலாம் என்று வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் முழு நாள்தான் வேண்டும். எத்தனை மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள், கதை மாறிவிடும்.

புதுச்சேரியில் காலை பத்து மணிக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். மரக்காணம் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சொந்த வண்டியில் ஒரு மணி நேரம் என்று தாராளமாகவே போடுங்கள். குளித்துச் சாப்பிட்டுப் புறப்பட ஒரு மணி நேரம். அப்படியானால் எட்டு மணிக்கு மரக்காணத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இந்தக் கடற்கரையில் சூரியன் உதிப்பது மே கடைசி, ஜூனில் ஏறக்குறைய 5.40க்கு, ஜனவரி கடைசியில் 6.35 பக்கம். ஆண்டு முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆக, கோடையில் இரண்டேகால் மணி நேரமும் தை மாதத்தில் ஒன்றரை மணி நேரமும் கையில் இருக்கிறது. மணலில் மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் திரும்ப கோடை நேரம் தாராளம். தையில் ஒரு கிலோமீட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். போகும்போதே திரும்பும் நேரத்தைக் கைப்பேசியில் அலாரமாக வைத்துவிடுவது உத்தமம். திரும்பும்போது மணல் சூடேறியிருக்கும், கால் சோர்ந்திருக்கும். எனவே இருக்கும் நேரத்தைப் பாதியாகப் பிரிக்காமல், போக ஐந்தில் இரண்டு பங்கு மட்டும் ஒதுக்குங்கள்.

பேருந்துக்காரர்களும் விட்டுவிட வேண்டாம். ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் வண்டிகள் மரக்காணம் வழியாகத்தான் போகின்றன. திண்டிவனத்திலிருந்தும் பேருந்து உண்டு. ஆனால் ஏறும்போதே நிறுத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் நிற்காது.

சாயங்காலம் வேலை முடித்துப் போகலாமே என்பது பார்க்க நல்ல யோசனை. கணக்கில் தோற்றுவிடும். ஜூலையிலேயே 6.40க்குச் சூரியன் விழுந்துவிடுகிறது, நவம்பரில் 5.40. அதன்பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. ஆறு மணிக்கு ஆபீசை விட்டவருக்கு இங்கே மாலை நடையே கிடையாது.

கிடைக்கிற நேரம் என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. நாலு நாள் 12 மணி நேரம் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று ஆசை காட்டிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த காலுக்கு மூன்றாவது நாள்கூட நடக்கத் தோன்றாது என்பது என் கட்சி.

“நைட் ஷிப்ட் முடிச்சு அப்படியே போயிடலாம்”

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. சென்னையின் ஐ.டி. பகுதியான சிறுசேரி பக்கமிருந்து மரக்காணம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, டீ குடித்துவிட்டு, சூரிய உதயம் பார்க்க வண்டியை எடுக்கிறார்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன என்பது 1990களின் கடைசியிலிருந்து சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். முந்தின நாள் மத்தியானம் எழுந்தவர் மறுநாள் விடிகாலை ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டினால் சட்டம் சொல்லும் குடிகாரரைவிட மோசமான நிலையில் ஓட்டுகிறார். ஊதிப் பார்க்கும் கருவி அதைக் காட்டாது. இரவு ஷிப்ட்காரர்கள் தூங்கி எழுந்து, வார விடுமுறை நாளின் காலையில் போகட்டும்.

“வாரத்துல ஒரு நாள் நடந்து என்ன பிரயோசனம்?”

தினமும் பத்தாயிரம் அடி என்பதை மருத்துவ விதி என்றே பலரும் நம்புகிறார்கள். 1965இல் ஜப்பானில் ஒரு கடிகார நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பிய எண் அது. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை எந்தெந்த நாள் பிரித்துக்கொள்வது என்பதில் கண்டிப்பு இல்லை. 2023இல் வெளியான ஆய்வு ஒன்று பிரிட்டனில் ஏறக்குறைய 90,000 பேரின் கையில் கட்டிய கருவிகளின் பதிவை வைத்துப் பார்த்தது. உழைப்பின் பெரும்பகுதியை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுகிறவர்களுக்கும் இதய நோய் ஆபத்து, தினம் செய்கிறவர்களுக்குக் குறைந்திருந்த அதே அளவுக்கு ஏறத்தாழ குறைந்திருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் திடீரென்று மணலில் பத்து கிலோமீட்டர் போனால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம்.

“உப்பளம் பொது இடம்தானே, வரப்புல நடந்தா என்ன?”

அளம் ஒரு வயல். யாரோ ஒருவர் குத்தகைக்கு எடுத்து, யாரோ பலர் கூலிக்கு உழைக்கும் வயல். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மரக்காணத்து உப்பளம் பேசப்படுகிறது. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நடைமுறை அடிப்படையில் அதேதான். உவர்நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டுவிட்டுச் சுண்ட வைக்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சுண்டச் சுண்ட ஜிப்சம் அடியில் படிந்துவிடும். நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி எட்டும்போதுதான் சாப்பாட்டு உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. 29, 30ஐத் தாண்ட விட்டால் கசப்பான மக்னீசிய உப்புகள் கலந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். உப்பு விளையும் பாத்தியின் களிமண் தரையைப் பருவத் தொடக்கத்தில் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்கி, வழவழப்பாகச் சமன் செய்கிறார்கள். செல்பிக்காக ஒருவர் செருப்புக் காலோடு அதில் இறங்கினால் தரை குழிந்து, களிமண் கிளம்பி, அந்த இடத்து உப்பு பழுப்பேறிவிடும். பழுப்பு உப்புக்கு விலை இல்லை. வரப்பும் அப்படியே: ஓரம் இடிந்தால் 25 டிகிரி நீர் பக்கத்துப் பாத்தியில் கலந்து, பல நாள் வெயில் வீணாகும்.

ஆகவே அளத்துக்குள் போக வேண்டுமென்றால் அங்கே இருப்பவரைக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் வண்டித்தடத்தோடு நில்லுங்கள். தடத்திலிருந்தே பார்க்க நிறைய உண்டு. உப்புச்செறிவு ஏறிய சில பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். சாயக்கழிவு இல்லை, அத்தனை உப்பிலும் வாழத் தெரிந்த நுண்ணுயிர்களின் நிறம் அது. நெடுங்கால் உள்ளான்கள் செறிவு குறைந்த பாத்திகளில்தான் மேய்கின்றன. வெயிலுக்கு முந்திக்கொள்ளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் ஆறரைக்குப் போய் நிற்கும்போது அவர்களுடைய நாளில் பாதி ஓடியிருக்கும். உப்புநீரில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது அசிங்கம்.

“கடல்காத்து அடிக்குது, வெயில் ஒண்ணும் செய்யாது”

காற்று வியர்வை தெரியாமல் செய்கிறது, வெயிலைக் குறைப்பதில்லை. வெண்ணிற உப்பும் தண்ணீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்தில் திருப்பி அடிக்கின்றன. தொப்பி அதைத் தடுக்காது. கறுப்புக் கண்ணாடியும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் கட்டாயம். அளத்தில் நிழல் என்று ஒன்று இல்லவே இல்லை. இடி இடித்தால் அந்தச் சமதரையில் உயரமான பொருள் நீங்கள்தான், உடனே ஊர்ப்பக்கம் திரும்புங்கள்.

“சீசன்னா மார்கழிதான்”

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் அளம் மூழ்கிக் கிடக்கும், உப்பு வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்த வட்டாரம் பட்டபாடு தெரியும். உப்பு விளைச்சல் தை, மாசி வாக்கில் தொடங்கி மறுபடி மழை வரும்வரை போகும். வலசைப் பறவைகளுக்குக் குளிர்காலம். இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. பறவைகளுக்காகவென்றால் பக்கத்தில் கழுவெளி இருக்கிறது. 2021 டிசம்பரில் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட 5,151 ஹெக்டேர் நீர்ப்பரப்பு அது. உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுப்பவர்களுக்கு மட்டும் அது கிடைக்காமல் போனால் நல்லது.

“மேப்ல கரையோரமாவே வழி காட்டுதே”

கைப்பேசி வரைபடத்துக்கு வரப்பும் தெருவும் ஒன்றுதான். ஆலம்பரைக் கோட்டை விஷயத்தில் இது பெரிய பொறி. மரக்காணம் பக்கமிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே நடந்தால் கோட்டை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோல் திரையில் தெரியும். நடுவே கழுவெளி கடலில் கலக்கும் முகத்துவாரம் கிடக்கிறது. மணல்திட்டு மழைக்கு மழை இடம் மாறும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும். வெளியேறும் ஓதத்தின் இழுப்பு கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. குப்பத்து மீனவர்கள் அங்கே படகில் கடக்கிறார்கள் என்பதே போதுமான எச்சரிக்கை.

கோட்டைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். ஈ.சி.ஆரில் கடப்பாக்கத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் வந்துவிடும். 1750இல் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குக் கொடுத்த கோட்டை. பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சிதைந்த மதில்கள், அவற்றின் மேல் ஏறாதீர்கள். மதில் நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணி வாக்கில் சாலைக்கு வந்தால் சென்னை பக்கம் போகிறவர்கள் மதிய ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சனி, ஞாயிறு வேண்டாம், ஈ.சி.ஆர். முழுக்கக் கார்கள். செவ்வாய், புதனில் வார விடுமுறை வருகிறதே என்று அலுத்துக்கொள்ளும் கடை ஊழியர்களுக்கும் மருத்துவமனைக்காரர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம்தான்.