குளக்கரையிற் காளானும் மரமும்



ஐப்பசி மாதத்தில் மாரிமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வன்னிக் குளக்கட்டு வழியே நடந்து பாருங்கள். நீரோரத்தில் மருதும், மேட்டுநிலத்திற் பாலையும் முதிரையும் நிற்கும். அவற்றிடையே கறையான் புற்றுகளின் அருகே வெண்மையான காளான்கள் தலைகாட்டும்.

இவை புற்றுக்காளான்கள். கறையான்கள் புற்றினுள்ளே ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து உணவாகக் கொள்கின்றன. அப்பூஞ்சணமே மழைக்குப் பின் நிலத்தின்மேற் குடையாக விரிகின்றது. பேராதனையிற் பணியாற்றிய தோமஸ் பெச் என்னும் அறிஞர் 1906ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

உண்ணத்தக்க புற்றுக்காளானை அறிவது எவ்வாறு? காளானை ஒடிக்காது, அடியோடு தோண்டி எடுங்கள்.

1. குடையின் நடுவிற் கூரிய முனை இருக்கும். தண்டு வேர்போல நீண்டு புற்றை நோக்கி இறங்கும்.

2. தண்டின் அடியிற் பை போன்ற உறையோ, தண்டில் வளையமோ இருப்பின் விலக்கிவிடுங்கள். உறையுள்ள காளான்களுட் சில ஈரலை அழிப்பவை.

3. குடையை வெள்ளைத் தாளில் ஓரிரவு கவிழ்த்து வையுங்கள். புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பாகப் படியும். பச்சைத் தூள் படிந்தால் அது நச்சுக்காளான். மேய்ச்சல் நிலத்தில் வளரும் அக்காளான் புற்றுக்காளானைப் போலவே தோன்றிப் பலரை ஏமாற்றும்.

இம்மூன்றும் பொருந்தியபோதும், காளானை நன்கறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே சமையுங்கள். வெள்ளிக்காசு கறுத்தல், உள்ளி நிறம் மாறுதல், பூச்சி தின்றிருத்தல் ஆகிய சோதனைகளை நம்பவேண்டாம். கொடிய நஞ்சு சமைத்தாலும் அழியாது. பூச்சிநாசினி தெளித்த வரம்பில் முளைத்ததையும் எடுக்கவேண்டாம்.

காளான் உண்டவருக்கு வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால், அது மறுநாள் ஏற்பட்டாலும், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள். இடையிற் சுகம் வந்ததுபோலத் தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம்.

மரங்களையும் கவனியுங்கள். அடிமரத்திற் தட்டுப் போன்ற கடினமான காளான் வளர்ந்திருந்தால், உள்மரமோ வேரோ உக்கி வருகின்றதென அறியலாம். இலைகள் பசுமையாக இருப்பினும் அம்மரம் காற்றில் முறியக்கூடும். அதன்கீழே காவற்கொட்டில் போடாதீர்கள், மாடும் கட்டாதீர்கள்.

ஐயமுள்ள காளானைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒருவேளைக் கறிக்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்தலாகாது.