கண்ணூர்ச் சிறையும் ஒரு கடுதாசியும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுகிறேன். மூணாறிலிருந்து சித்தூருக்குப் படிக்க வந்தவளிடம், "வீட்டுக்குக் கடுதாசி போட்டாயா?" என்று போன வாரம் கேட்டேன். "தினமும் போன் பேசுகிறேனே மாமா, எழுத என்ன இருக்கிறது?" என்றாய். எழுத வழியே இல்லாத இடத்திலிருந்து எழுதியவர்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. முதலில் கோவைச் சிறை, 1910 இறுதியில் கண்ணூர்ச் சிறை. இரண்டுக்கும் நடுவில்தான் நம் பாலக்காட்டுக் கணவாய். கோவையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். வெளியே மனைவி மீனாட்சி அம்மாள் சிறு குழந்தைகளோடு தவித்தார்.

அந்த நிலையிலும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் அவர் செய்யுளாகவே மடல் எழுதினார். சிறையில் பாடியவை 1915இல் 'பாடல் திரட்டு' நூலில் வந்தன. வெண்பா என்ற செய்யுளுக்குப் பெரும்பாலும் நாலே அடி. எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனசுக்குள் அரைத்துப் பார்த்த பிறகே அதில் சொல் விழும்.

நெல்சன் மண்டேலாவுக்கு அந்த அளவைச் சிறையே விதித்தது. 1964இல் ராபன் தீவுக்குப் போனவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரே கடிதம்தான், அதுவும் 500 சொல்லுக்குள். அதிகாரிகள் படித்துப் பார்த்து, பிடிக்காத வரிகளை வெட்டி எடுத்தார்கள். 1969இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தபோது அடக்கத்துக்குப் போகவும் விடவில்லை. கடிதம் போய்ச் சேருமா என்று தெரியாததால், எழுதியதை ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்துக்கொண்டே எழுதினார். நேருவோ 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தே, மகள் இந்திராவுக்கு 196 கடிதங்களில் உலக வரலாற்றையே சொல்லிக்கொடுத்தார்.

அம்மிணி, இவர்கள் எல்லோருக்கும் சொல்லி அழ ஆயிரம் துன்பம் இருந்தது. ஆனாலும், படிக்கப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் யோசித்தார்கள். பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டே ஒருவர் அப்பாவாகவும் கணவராகவும் நண்பராகவும் இருக்க முடிந்தது அதனால்தான். கடிதம் எழுதுவதில் நீ கற்க வேண்டியதும் இதுவே.

போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டதும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. உன் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக் களைத்து லயத்துக்குத் திரும்பும்போது, கையில் எடுத்து மறுபடி மறுபடி படிக்க ஏதாவது இருக்கட்டும். சித்தூரில் நீ படித்த பாடத்தை அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. அவர் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைக் கேட்டு எழுது.

இத்துடன் இரண்டு இன்லேண்டு லெட்டர் வைத்திருக்கிறேன். ஒன்றில் நீ எழுது. இன்னொன்றை உள்ளே மடித்து வைக்க முடியாது, அதனால் ஊருக்குப் போகும்போது அம்மா கையில் கொடு. அவரும் பதில் எழுத வேண்டுமல்லவா?

அன்புடன்,
மாமா