ஊசி போட்ட வாரத்துச் சாப்பாடு

அன்புள்ள கண்ணுக்கு, சேவூர் அத்தை எழுதுவது.

வாரம் ஒரு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து பசியே எடுப்பதில்லை, காலையில் ஒரு டீ, மத்தியானம் ரெண்டு வாய் தயிர்சாதம், அதிலேயே ராத்திரி வரைக்கும் ஓடிவிடுகிறது என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். எடை இறங்குவது நல்லதுதான். அந்த ரெண்டு வாயில் என்ன இருந்தது என்பதுதான் அத்தையின் கவலை. போனில் சொன்னால் “சரிங்கத்தை” என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

நீ ஊசி போடக் காரணமான பிசிஓஎஸ், அதாவது சூலக நீர்க்கட்டி என்று சொல்வது, உன் ஒருத்தியைத் தேடி வந்த நோய் இல்லை. சிகாகோவில் ஸ்டீன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் 1935-லேயே ஏழு பெண்களை வைத்து இதை விவரித்து எழுதினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) உதவியுடன் 2018 முதல் 2022 வரை நம் நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களைச் சோதித்தபோது, ராட்டர்டாம் என்ற மருத்துவ அளவுகோலின்படி 19.6 சதவீதம் பேருக்கு இருந்தது. நீ வேலை பார்க்கும் கம்பெனியில் செக்கிங் டேபிளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் அதில் இரண்டு பேர். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பெண்களில் பலருக்கு இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு மேலும் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, தலையில் முடி கொட்டுவது எல்லாம் அதன் பின்னால் வருகிறவை. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதக் கணக்கு ஒழுங்குக்கு வருகிறது. அதனால்தான் டாக்டர்கள் செமாக்ளூடைடு, டிர்செப்படைடு ஊசிகளை எழுதுகிறார்கள். இவை பிசிஓஎஸ்ஸுக்கென்றே அனுமதி பெற்றவை அல்ல. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் வந்தவை. டிர்செப்படைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. செமாக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிந்த பிறகு, உள்நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கின்றன. இனி இது பணக்காரர் மருந்தாக மட்டும் இருக்காது, கடைவீதிப் பேச்சாகவும் ஆகும்.

மருந்து வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், மூளையிடம் “போதும்” என்று சொல்லும். எதைச் சாப்பிட வேண்டும் என்று அது சொல்லாது. செமாக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஆனால் சிலரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்ததில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதி, அதாவது தசையும் சேர்ந்தது. பசிக்காத பெண் ரெண்டு வாய் சோற்றோடு எழுந்தால் கரைவது தொப்பை மட்டுமில்லை.

ஆகவே தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு. பாதியில் வயிறு நிரம்பிவிட்டால் மிச்சம் ஆவது சோறாக இருக்கட்டும். சாதாரணமாக கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எடை இறங்கும் காலத்தில் 1.2 கிராமாவது வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். எழுபது கிலோ பெண்ணுக்கு 84 கிராம். (சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.)

மலைக்காதே. இரண்டு முட்டையில் 12 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லியில் 12. மீல்மேக்கர் 25 கிராம் ஊறப்போட்டால் 13. நம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் நிலக்கடலையில் ஒரு கைப்பிடி, 30 கிராம் என்று வைத்தால், 7. அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய்ச் சத்து வயிற்றில் தங்கிக் குமட்டும். கொள்ளோ பச்சைப்பயறோ 40 கிராமில் 9. இட்லி, சோற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு சேரும். மீதிக்குக் கோழியோ மீனோ, சைவ நாளில் பனீரோ.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி வெறும் கொள்ளு ரசம் குடித்துக்கொண்டிருக்காதே. ரசம் கொழுப்பைக் கரைக்காது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருப்பதுதான் அதன் பெருமை, அது வெந்த பருப்பில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெந்த கொள்ளை மாட்டுக்கு வைத்துவிட்டுத் தண்ணீரை ரசமாக்கிக் குடித்த வீடுகள் உண்டு. மாடுகள் புத்திசாலிகள்.

ஒன்றரை ஷிப்ட் நாட்களில் பதினொரு மணி டீயும் பன்னும், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் என்றுதான் கம்பெனிப் பக்கம் ஓடுகிறது. சர்க்கரையும் எண்ணெயும் தவிர அதில் ஒன்றுமில்லை. பஜ்ஜி உன் குமட்டலையும் கூட்டும். ஒரு டப்பாவில் சுண்டல் கொண்டுபோ. பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கத்தையும் விடு. இந்த மருந்தில் பசியோடு தாகமும் குறையலாம், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கீரை, கொய்யா, தண்ணீர் மூன்றும் தினமும் வேண்டும். ஊசி போடும் காலத்தில் விரதமும் வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முடி கொட்டினால் எல்லாவற்றையும் பிசிஓஎஸ் தலையில் போடாதே. எடை வேகமாக இறங்கினாலும், இரும்புச் சத்து குறைந்தாலும் கொட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நீ மெட்பார்மினும் சாப்பிடுகிறாய், அது நாளடைவில் பி12-ஐக் குறைக்கலாம். இரும்பு, பி12 இரண்டுக்கும் ரத்தம் சோதித்துக்கொள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, எடை தூக்குவது என்று ஏதாவது செய். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பது தசைக்குப் பயிற்சி ஆகாது.

குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருக்கிறீர்கள். எடை குறைந்தால் கருமுட்டை வெளியாவது திரும்பிவிடலாம்; “எனக்குத்தான் பிசிஓஎஸ் ஆச்சே” என்ற தைரியம் செல்லாது. டிர்செப்படைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம். ஆரம்பித்ததும் ஒவ்வொரு முறை அளவு கூட்டியதும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பும் தேவை. குழந்தை வேண்டுமென்று நினைக்கும்போது, செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்திய ஒரு வருஷத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்வதால்தான் அத்தை இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தை இத்தனை வற்புறுத்துகிறேன்.

இதை மட்டும் மறக்காதே: மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஏறும் வலி வந்தாலோ, தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, அடுத்த ஊசியைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ஷிப்மென்ட் இருக்கிறது, முடிந்ததும் போகிறேன் என்று சொல்லக் கூடாது.

அன்புடன்,
அத்தை,
சேவூர்.