‘சேவ்’ கொடுத்தால் பதிவாகிவிடாது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வட்டக்கச்சிப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்தால் வீட்டில் இருந்தே போய்வரலாம். பேராதனை, மொறட்டுவை என்றால் பெட்டி கட்ட வேண்டும். எங்கே போனாலும், பதிவு, பாடத்தெரிவு, பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு எல்லாம் கணினிக்குள் ஏறிக்கொண்டிருக்கிற காலம் இது. முன்பு அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் கோப்பைப் புரட்டி, “தம்பி, இதில ஒரு கையெழுத்துக் குறையுது” என்று சொல்லிவிடுவார். இப்போது வந்திருக்கிற மாணவர் தகவல் முறைமை நிரப்பாத பெட்டியைச் சிவப்பில் காட்டும். பிழையாக நிரப்பிய பெட்டியைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே உங்கள் விபரங்களை நீங்களே வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். முதல் இரண்டு கிழமைக்குள் அதை முடித்துவிடுங்கள்.

மின்னஞ்சலில் தொடங்குங்கள். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் பக்கத்தில் பலர் கொமினிகேஷன் கடையில்தான் பல்கலைக்கழக விண்ணப்பம் போடுகிறார்கள். அவசரத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கடைக்காரரே திறந்து கொடுப்பார். கடவுச்சொல் அவருடைய கொப்பியில் இருக்கும். தொலைபேசி இலக்கம் அண்ணாவுடையதாக இருக்கும். பிறகு புதிய முறைமை ஒருமுறைக் குறியீட்டை அந்த இலக்கத்துக்கு அனுப்பும்போது அண்ணா வெளிநாட்டில் இருப்பார், அல்லது சிம் மாறியிருக்கும். உங்கள் பெயரில் ஒரு சிம், நீங்களே திறந்த ஒரு மின்னஞ்சல், உங்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல். பதிவுக்கு முதலே இந்த மூன்றையும் தயார்படுத்துங்கள். பழைய முகவரியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், விரிவுரை தொடங்க முன் அலுவலகத்தில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் எங்கள் பிள்ளைகள் கூடுதலாக இடறுகிறார்கள். தகப்பன் பெயர் சிவராசா, பிள்ளையின் பெயர் நிலானி என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் வேறொரு மாதிரி இருக்கும். ‘சா’வுக்கு ஓரிடத்தில் ‘எஸ்’, இன்னோரிடத்தில் ‘ஜே’. முறைமையோ ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு பெட்டிகளை நீட்டும். எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவர் தகப்பன் பெயரை முதலில் போடுவார், இன்னொருவர் கடைசியில் போடுவார். அந்தப் பெட்டியில் இன்று நீங்கள் இடுகிற எழுத்துகள்தான் நாளைக்குப் பட்டச் சான்றிதழ் வரைக்கும் போகக்கூடியவை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைய வேண்டிவரும்.

வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பல்கலைக்கழகம் போகிற வயதினர், போர் முடிந்த 2009இல் சிறு பிள்ளைகள். இடம்பெயர்வில் மூலப் பத்திரங்கள் தொலைந்து, பிறகு எடுத்த பிரதிகளோடுதான் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே படிவத்தைத் திறக்க முன் பத்திரங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எதைப் பின்பற்றுவது என்று அனுமதிப் பிரிவில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பிழை பிறப்புப் பத்திரத்திலேயே என்றால், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். அந்த வேலைக்கு நாள் எடுக்கும், இன்றைக்கே தொடங்குங்கள்.

இனி உள்ளே போவோம். மாணவர் தகவல் முறைமை வேறு, விரிவுரைக் குறிப்பும் ஒப்படையும் வருகிற மூடில் தளம் வேறு. மூடில் 2002இல் அவுஸ்திரேலியாவில் இருந்து வெளிவந்த மென்பொருள். 2020 கொரோனா முடக்கத்தில் பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பின் ஊடாக வீட்டில் இருந்தே வகுப்புக்குப் போனபோது அது எங்கள் மாணவர்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதனால், மூடிலில் பாடம் தெரிகிறதே, பதிவு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. தகவல் முறைமையில் அந்தப் பாடத்தைத் தெரிவுசெய்து ‘சப்மிட்’ கொடுத்தால்தான் விண்ணப்பம் போகும். ‘சேவ்’ என்பது பாதியில் நிறுத்தி வைப்பது. ‘பென்டிங்’ என்றால் ஒருவர் இன்னும் அனுமதிக்கவில்லை. ‘அப்ரூவ்ட்’ என்று வரும் வரைக்கும் ஒவ்வொரு கிழமையும் போய்ப் பாருங்கள். பரீட்சை மண்டப வாசலில் பெயர்ப்பட்டியலில் பெயரைக் காணாமல் நிற்பது மிகக் கொடுமையானது.

கடைசி நாள் இரவு எல்லாரும் ஒன்றாக நுழைவார்கள், தளம் இறுகிவிடும். சிக்னல் வந்துவந்து போகிற வீட்டில் இருந்து அந்த நேரத்தில் முயலவே வேண்டாம். அறிவிப்பு வந்த அடுத்த நாள் காலையில் செய்யுங்கள். முடிந்ததும் திரையைப் படம் பிடித்து, திகதி தெரியச் சேமியுங்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தை, வங்கிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசியுங்கள். மகாபொலவோ பர்சரியோ அந்த இலக்கத்துக்குத்தான் வரும்.

பிழை கண்டால் எழுத்தில் சொல்லுங்கள். பதிவிலக்கம், பாடக்குறியீடு, எந்தத் திரையில் என்ன தெரிகிறது, என்ன தெரிய வேண்டும், இணைப்பாக அந்தப் படம்: ஐந்து வரி போதும். ஆங்கிலம் வரவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. அங்குள்ள பல்கலைக்கழக அலுவலகத்துக்குத் தமிழில் தயங்காமல் எழுதலாம்.

அலுவலகத்தில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். புதிய முறைமைக்கு மாறுகிற முதல் பருவத்தில் ஒரு மேசையும் ஒரு கணினியும் போட்டு, நேரில் வருகிற பிள்ளைக்கு உதவ ஒருவரை இருத்துங்கள். வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வருகிற பிள்ளைக்கு ‘பென்டிங்’ என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேறு ஆளில்லை.

ஒவ்வொரு பருவப் பெறுபேறு வந்ததும் பாடம், தரம், கிரெடிட் அலகு மூன்றையும் வைத்துக் கையால் கணக்கிட்டுச் சராசரிப் புள்ளியை ஒப்பிடுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது பல நிறுவனங்கள் அந்தப் புள்ளியைப் பார்க்கும். கடைசிப் பருவத்தில் பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் இருந்தால், அதற்குப் பதிலாகச் சொந்த முகவரியை முறைமையில் போட்டுவிட்டு, பெறுபேற்றுப் பக்கங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டே வெளியேறுங்கள்.