பள்ளி லேப்டாப்பில் மென்பொருள் கம்பைல் செய்யச் சில குறிப்புகள்

2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பலவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. பொங்கலையொட்டிக் காஞ்சி வரதர் பழையசீவரத்துக்கு எழுந்தருளும் பார்வேட்டையின் பழைய அச்சு நோட்டீஸ்களைக் கணினி எழுத்தாக மாற்ற நினைக்கிறீர்களா? அதற்கு டெசராக்ட் போதும். 2005-இல் திறந்த மூலமாக வெளியான மென்பொருள் அது. கீழே வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள்.

1. முதலில் 'ஆப்ட்' மூலம் தேடுங்கள். தயாராகக் கிடைக்கும் பதிப்பு மிகப் பழையதாக இருந்தால் மட்டும் கம்பைல் செய்ய இறங்கலாம்.

2. டெபியன், உபுண்டு, பாஸ் மூன்றுக்கும் 'பில்ட்-எசென்ஷியல்' பொதி வேண்டும். ஆப்பிள் கணினியில் 'எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்'. விண்டோஸில் எம்சிஸ்2 நிறுவுங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் டபிள்யூஎஸ்எல் இன்னும் எளிது.

3. மூலநிரலைக் 'கிட் குளோன் --டெப்த் 1' என்று இறக்கினால் பழைய வரலாறு வராது, மொபைல் டேட்டா மிஞ்சும். திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று பிடிபட்டது. அதை உயிர்ப்பித்த வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை.

4. பிழைச் செய்தி திரை முழுக்க ஓடினால் கடைசி வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். டெசராக்டுக்கு லெப்டோனிகா நூலகம் தேவை. நூலகத்தை நிறுவிய பிறகும் 'இல்லை' என்று வந்தால், அதன் '-டெவ்' பொதி விடுபட்டிருக்கும். கம்பைலருக்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் அதில்தான் உள்ளன. ஃபெடோராவில் அதே பொதி '-டெவெல்' என்று முடியும். 'கான்ஃபிக்.லாக்' கோப்பிலும் காரணம் எழுதியிருக்கும்.

5. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் 'மேக்' என்று மட்டும் கொடுங்கள். '-ஜே4' சேர்த்தால் நினைவகம் நிரம்பிக் கணினி உறைந்துவிடும்.

6. நடுவில் கரண்ட் போனால் மறுபடி 'மேக்' கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். பூஜ்ய அளவில் நிற்கும் '.ஓ' கோப்புகளை முதலில் அழித்துவிடுங்கள்.

7. 'கான்ஃபிகர்' செய்யும்போதே '--பிரிஃபிக்ஸ்' கொடுத்து உங்கள் ஹோம் அடைவுக்குள் தனி அடைவொன்றில் நிறுவுங்கள். வேண்டாமென்றால் அந்தத் தனி அடைவை மட்டும் நீக்கினால் போதும், கணினியின் மற்ற மென்பொருள்கள் கெடாது.

8. விண்டோஸில் அடைவுப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம்.

9. லினக்ஸில் உருவான கோப்பை விண்டோஸுக்கு நகலெடுத்தால் ஓடாது. அந்தந்த இயங்குதளத்தில் தனியே கம்பைல் செய்ய வேண்டும்.

10. டெசராக்ட் தயாரானதும் தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியே இறக்குங்கள். அச்செழுத்தை நன்றாகப் படிக்கும், கையெழுத்தை எதிர்பார்க்காதீர்கள்.

11. எங்காவது சிக்கினால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் இணையவழிச் சந்திப்புகளில் தமிழிலேயே கேட்கலாம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வாய்த்த பெரிய உதவி அது. இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, கொடுத்த கட்டளை, முதல் பிழை ஆகிய நான்கையும் எழுத்தாகவே அனுப்புங்கள்; திரையைப் படமெடுத்து அனுப்பினால் பதில் சொல்பவர் அதிலிருந்து எதையும் நகலெடுத்துத் தேட முடியாது.