திரை கறுத்துத் திரும்புகிறதா?

கேள்வி: கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்து, சில நொடிகளில் திரும்ப வருகிறது. கேம் மூடிக்கொள்கிறது. என்விடியா கார்டு. டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை. விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். கொடுத்த வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், கம்ப்யூட்டர் மொத்தமும் உறைந்துவிடாமலிருக்க விண்டோஸே டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியைத் திறந்து, திரை கறுத்த நேரத்துக்கு நேரே 4101 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ‘என்விஎல்டிடிஎம்கேஎம்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் இருக்கும். அது என்விடியா டிரைவரின் பெயர். அதற்காக டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதில் வரவில்லை என்று மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது.

முதலில் டிரைவரை ஒரே ஒருமுறை ஒழுங்காகத் துடைத்துப் போடுங்கள். பழையதன் மேலேயே புதியதைப் போட்டால் மிச்சம் மீதி தங்கிவிடும். வேண்டிய டிரைவரை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் இடையில் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைச் செருகிவிடும். பிறகு சேஃப் மோடில் டிடியூ என்ற இலவச மென்பொருளால் பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து புதியதைப் போடுங்கள். ஒரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், அதற்கு முந்தைய பதிப்பே போதும்.

அதற்கும் அடங்கவில்லையா? ஓவர்கிளாக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். கடையிலிருந்தே வேகம் கூட்டி வரும் கார்டுகளும் உண்டு. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஆடிப் பாருங்கள். அதில் தொல்லை நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் கார்டில்தான். அடுத்து மின் இணைப்பு. 8 முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் வரை தருவதற்கானது. ஒரே கேபிளின் இரு தலைகளையும் கார்டில் மாட்டியிருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களாக இழுத்து மாட்டுங்கள். திரை மட்டுமின்றி கம்ப்யூட்டரே அணைந்து எழுந்தால், பவர் சப்ளை மீது என் சந்தேகம் இன்னும் கூடும்.

ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கச் சொல்வார்கள். மணிக்கணக்கில் ரெண்டர் போடுகிறவருக்கு அது உதவலாம். உங்களுக்கு, உறைந்த திரையைக் கூடுதலாக 8 நொடி பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

எதற்கும் மசியாவிட்டால் நண்பரின் கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கும் கறுத்தால், வாரன்டி முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.