நடக்க நடக்கப் பாதை

எங்கள் மையத்தில் ஓர் அக்கா படிக்கிறார். வயது 55. முதல் வாரமே சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "தம்பி, இந்தக் கிழட்டு மூளையில் இனி எழுத்து ஏறுமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற பல செல்களோடு இணைந்திருக்கிறது. 'அ' என்ற எழுத்தைப் பார்க்கிறோம். வாயால் சொல்கிறோம். கையால் எழுதுகிறோம். அப்போது சில செல்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றின் இணைப்பு கொஞ்சம் வலுப்படுகிறது.

புல்வெளியில் ஒரு முறை நடந்தால் தடம் தெரியாது. தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழும். நடப்பதை விட்டால் புல் மூடிவிடும். மூளையும் அப்படித்தான். வயதானாலும் புதுப்பாதை விழும். கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மூளை செலவழிப்பது சுமார் 20 வாட் சக்தி. இரண்டு எல்.இ.டி. பல்பு எரியும் அளவு. அதுவும் நாம் குடிக்கும் கஞ்சியிலிருந்து வருவது!

கம்ப்யூட்டரும் எழுத்தை அடையாளம் காணும். ஆனால் கரண்டு அதிகம் இழுக்கும். அமெரிக்காவில் 2022-இல் 'ஃபிரான்டியர்' என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குச் சுமார் 2 கோடி வாட் வேண்டும்.

ஏன் இவ்வளவு? அடுப்பு ஒரு வீட்டில் இருக்கிறது. உப்பும் புளியும் அடுத்த தெருவில் இருக்கின்றன. சமைப்பவர் என்ன பாடுபடுவார்? கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் இடம் வேறு. நினைவு வைக்கும் இடம் வேறு. ஓடி ஓடியே கரண்டு தீர்கிறது. மூளையில் இரண்டு வேலையும் அந்த இணைப்புகளிலேயே நடக்கின்றன.

அப்படி ஒரு மின் உறுப்பு இருக்க முடியும் என்று 1971-இல் லியோன் சுவா என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்கு 'மெம்ரிஸ்டர்' என்று பெயர் வைத்தார். நினைவுள்ள மின்தடை என்று பொருள். வெறும் கணக்காகவே 37 ஆண்டுகள் போயின. 2008-இல் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து காட்டினார்கள். வெள்ளைப் பெயின்டில் சேர்க்கிறார்களே, அந்த டைட்டானியம் டை ஆக்சைடுதான் பொருள். தலைமுடியைவிட மிக மிக மெல்லிய படலம். ஒரு பக்கமாக மின்சாரம் பாயப் பாய, வழி எளிதாகும். எதிர்ப்பக்கம் பாய்ந்தால் கடினமாகும். நிறுத்தினாலும் கடைசி நிலை மாறாது. நம் ஒற்றையடிப் பாதையேதான்!

நம் நாட்டிலும் இந்த ஆய்வு நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2024-இல் வேறொரு படலத்தைச் செய்தார்கள். சாதாரண நினைவு உறுப்புக்குப் பெரும்பாலும் இரண்டே நிலைகள்: உண்டு, இல்லை. இந்தப் படலத்துக்கு 16,500 நிலைகள். பாதை இருக்கிறதா என்பது மட்டுமல்ல, எவ்வளவு அகலம் என்றும் அது நினைவு வைக்கும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ மிஷினும் திரும்பத் திரும்பத்தான் படிக்கணுமா?" என்று சிரித்தார். சிலேட்டை எடுத்தார். இப்போது 'ழ' எழுதுகிறார். சுழிதான் இன்னும் சரியாக வரவில்லை.